அம்மையார் நிறுத்திய திரை

1820ஆம் ஆண்டு மே 12ஆம் நாள் இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில், செல்வம் மிக்க ஆங்கிலக் குடும்பத்தில் தோன்றியவர் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார். அவர் கையிலிருந்த விளக்கை நாம் அனைவரும் அறிவோம். அவர் நிறுத்திய திரையைப் பற்றியே இங்குச் சொல்ல விழைகின்றோம்.

1854 நவம்பரில் 38 தாதியருடன் அவர் துருக்கியின் ஸ்கூட்டாரி இராணுவ மருத்துவமனையை அடைந்தார். ஆங்கே கை கால்களை அறுத்தெடுக்கும் ரண சிகிச்சை, மற்ற நோயாளிகள் படுத்திருந்த கூடத்திலேயே, அவர்கள் கண்ணெதிரில் நடைபெற்று வந்தது. இன்று தோழன் கத்தியின்கீழ் மாள்வதைக் கண்டவன், நாளை தன் முறை வருங்கால் பிழைப்பது அரிது என்பதை அம்மையார் உணர்ந்தார். திரையொன்றைத் தருவித்து இடையில் நிறுத்தினார்.

சிகிச்சைக்குப் பின்னரோ, மாற்றுச் சட்டைக்கும் பஞ்சம். சரக்கறையில் இருந்தும், குழு கூடி ஒப்பாமல் கதவு திறவாது! கோப்புகளோடு காலந்தள்ளும் நமக்கு இது விளங்காததன்று. அம்மையார் நன்கொடைப் பணத்தில் வெளியே வாங்கினார். ஆயினும் மரணம் குறையவில்லை. 1855 மார்ச்சில் வந்த சுகாதாரக் குழுவினர் கட்டடத்தின் அடியிலிருந்த சாக்கடைகளைச் செப்பனிட்ட பின்னரே பெரிதும் குறைந்தது. தம் கண்ணெதிரே நேர்ந்த அச்சாவுகளைப் பின்னாளில் புள்ளிவிவரங்களாக்கி அரசுக்கு உணர்த்தியவரும் அவரே.

1860இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் தாதியர் பள்ளி கண்டார். 1910 ஆகஸ்ட் 13ஆம் நாள் மறைந்தார். கல்லறையில் முழுப்பெயரும் இல்லை. முதலெழுத்துகள் இரண்டும் நாட்களுமே உள்ளன.