நாரியெலும்பை அளந்த நல்லாசிரியர்: தானியேல் யோன் கன்னிங்காம்

நம் கல்லூரியில் விஞ்ஞானம் கற்று மருத்துவராகி இளைப்பாறியிருக்கும் பழைய மாணவர் எவரையேனும் அணுகிக் கன்னிங்காம் என்றால் என்ன என்று வினவிப் பாருங்கள். அஃது ஒரு புத்தகம் என்றே விடை வரும். பிணவறையில் உடலை அறுத்துக் கற்ற நாட்களில், மேசையருகே விரித்து வைத்த கைந்நூலின் பெயர் அது. அப்பெயருக்குரியவர் ஒரு மனிதர் என்பதை எண்ணிப் பார்த்தோர் சிலரே. நூல் பெருகி வாழ்ந்தமையால் ஆசிரியர் மறைந்தார். தமிழாசிரியனுக்கு எலும்பில் என்ன வேலை என்று நகைக்கும் நண்பர்களுக்கு ஒன்று சொல்வோம்: கிறே என்பார் எழுதிய உடற்கூற்று நூலை மானிப்பாயில் வைத்தியர் கிறீன் 1872ஆம் ஆண்டிலேயே தமிழாக்கி வெளியிட்டார். எலும்பும் தமிழும் நம் நாட்டில் பழைய உறவினர்.

கன்னிங்காம் 1850ஆம் ஆண்டு ஸ்கொத்லாந்தில் கிரீவ் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் அவ்வூர்ச் சமய குரவர். எடின்பரோப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று 1874இல் பட்டம் பெற்ற அவர், ஆங்கே உடற்கூற்றுப் பேராசிரியராயிருந்த வில்லியம் தேணரிடம் துணையாசிரியராய் அமர்ந்தார். 1883இல் டப்ளின் திரித்துவக் கல்லூரியின் உடற்கூற்றுப் பீடம் அவரை அழைத்தது. ஆங்கு இருபதாண்டு கற்பித்தார். அந்நகர் மிருகக்காட்சிச் சாலையோடும் அவருக்கு நெருங்கிய தொடர்பு இருந்தது. மனித உடலையும் வாலில்லாக் குரங்கின் உடலையும் பக்கம் பக்கமாக வைத்து ஆராயும் ஆசை அவரை விடவில்லை.

அந்த ஆசையின் பயனே 1886இல் அயர்லாந்து அரச கழகம் வெளியிட்ட அவரது பெருநூல். மனிதனிலும் குரங்கிலும் நாரிப்பகுதி எவ்வாறு வளைகின்றது என்பதே அதன் பொருள். நாரிப்பிடிப்பு என்று நம் வயலவர் முறையிடுகின்ற அதே நாரிதான். ஆங்கே ஐந்து முள்ளென்புகள் ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கப்பட்டுள்ளன. ஒவ்வொன்றின் உடற்பகுதிக்கும் முன்புற உயரம் ஒன்று, பின்புற உயரம் ஒன்று. பின்னுயரங்கள் ஐந்தையும் கூட்டி, நூறால் பெருக்கி, முன்னுயரங்களின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வருவதே நாரிச் சுட்டெண். எண் நூறுக்குக் குறைந்தால் எலும்பு முன்னே உயர்ந்தது, நூறைக் கடந்தால் பின்னே உயர்ந்தது எனக் கொள்க. நம் கீழ்ப்பிரிவு மாணவனும் செய்யத்தக்க கணக்கு இது.

ஐரோப்பியர் எலும்புகளில் அவர் கண்ட சராசரி ஏறத்தாழ 96. அவுஸ்திரேலியாவின் ஆதிக்குடிகளிலும் அந்தமான் தீவினரிலும் அது நூறைத் தாண்டியது. குரங்குகளிலோ அதனினும் உயர்ந்தது. இவ்வெண்களை ஏணிப்படி போல் நிறுத்தி, மேற்படியில் ஐரோப்பியனையும் கீழ்ப்படியில் குரங்கையும் இடையே ஏனைய மக்களையும் வைத்துவிட அந்நாளைய அறிஞர் பலர் துடித்தனர். கன்னிங்காமும் தம் காலத்து மனிதரே. உயர்ந்த இனம், தாழ்ந்த இனம் என்னும் வழக்கு அவர் எழுத்திலும் உண்டு. அதனை நாம் மறைக்கப் போவதில்லை.

ஆயினும் அவரிடத்தே இரு நல்லியல்புகளைக் காண்கின்றோம். உலர்ந்த எலும்பு மட்டும் முள்ளந்தண்டு அன்று என்பதை அவர் உணர்ந்திருந்தார். எலும்புக்கு எலும்பு இடையே கசியிழையத் தட்டுகள் உள. உயிருள்ள உடலில் வளைவை ஆக்குவதில் அவற்றின் பங்கு பெரிது. அரும்பொருட்சாலைப் பெட்டியில் வரும் எலும்பில் அவை இரா. இதனை அறிந்தமையாலேயே உடல்களைப் பனியால் உறைவித்து, நெடுக வெட்டி, வளைவைத் தட்டுகளோடு சேர்த்துக் கண்டார். சிம்பன்சியின் நாரியிலும் வளைவு உண்டென்று காட்டினார். மற்றையது, மக்களிடையே காணும் வேறுபாட்டுக்கு வாழ்க்கைப் பழக்கமும் காரணமாகலாம் என அவர் கருதியது. வேட்டையாடியும் மரமேறியும் குந்தியிருந்தும் வாழ்பவன் முதுகு வேறு, நாற்காலியில் அமர்ந்தவன் முதுகு வேறு அன்றோ! வாவியில் தோணியினின்று வலை வீசுபவனையும் வயலிற் குனிந்து கதிர் அறுப்பவளையும் நாள்தோறும் காணும் நமக்கு இக்கருத்து விளங்காமற் போகாது.

அக்கருத்துக்கு வலுச் சேர்க்க நூறாண்டுக்கு மேல் வேண்டியிருந்தது. 2022இல் ஸ்கொட் வில்லியம்ஸ் என்பாரும் துணைவரும் வெளியிட்ட ஆய்வொன்று, இயந்திரத் தொழில் பெருகுமுன் வாழ்ந்தோர் முள்ளென்புகளையும் அதன்பின் வாழ்ந்தோருடையவற்றையும் ஒப்பிட்டது. நாரியெலும்பின் ஆப்பு வடிவில் இவ்விரு சாராரிடையே வேறுபாடு தெரிந்தது. நீண்டகாலமாகத் தனித்து வைக்கப்பட்ட நியாந்தர்தால் மனிதனும், பழைய வாழ்க்கை முறையினருடன் வைத்து நோக்கும்போது, தனித்து நிற்கவில்லை. ஐரோப்பியன் எலும்பு என்று அளந்ததில் எத்துணைப் பங்கு நாற்காலியின் எலும்போ! பெண்களின் நாரியில் ஆப்பு வடிவம் மூன்று எலும்புகளிற் பரவியிருப்பதையும் ஆண்களில் இரண்டே என்பதையும் 2007இல் வேறு ஆய்வாளர் கண்டனர். கருவைச் சுமக்கும் தாய் பின்சாய்ந்து நிற்க அது துணை செய்கின்றது.

கன்னிங்காமின் பிற பணிகளைச் சுருக்கமாகவே சொல்வோம். திரித்துவக் கல்லூரியிலிருந்த மக்றாத் என்னும் அயர்லாந்து அரக்கனின் என்புக்கூட்டை ஆராய்ந்து, அவன் வளர்ச்சி ஒரு நோயின் விளைவே என 1891இல் எழுதினார். 1903இல் தம் ஆசான் தேணரின் எடின்பரோப் பீடம் அவரை வந்தடைந்தது. பிரித்தானிய மக்கள் உடல் தேய்ந்து வருகின்றனர் என்ற கூக்குரலை விசாரித்த அரசாங்கக் குழுவின் முன், வறுமையால் தேய்ந்த உடலும் நல்ல நிலை கிடைத்தால் மீளும் என்னும் கருத்தைக் கூறினார். ஏழையைப் பரம்பரையால் இழிந்தவன் என்றோர் நடுவே அது துணிந்த சொல்லாகும். 1909இல் எடின்பரோவில் மறைந்தார். மைந்தருள் ஒருவர் இரண்டாம் உலகப் போரிற் புகழ்பெற்ற கடற்படைத் தளபதியானார். இன்னொருவர் இந்திய மருத்துவச் சேவையிற் சேர்ந்தார். கைந்நூலின் பதினாறாம் பதிப்பைத் திருத்தி அமைத்தவர் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் உடற்கூறு கற்பித்த பேராசிரியை றேச்சல் கோஷி. ஸ்கொத்லாந்தில் விதைத்தது தமிழ்நாட்டில் தளிர்த்தது!

இனி நெஞ்சை உறுத்தும் ஒரு செய்தி. டப்ளினில் கன்னிங்காமோடு சேர்ந்து 1891இல் உடலளவை ஆய்வுகூடம் நிறுவியவர் ஹாடன் என்பார். அதற்கு முந்திய ஆண்டில் அவர் இனிஷ்போபின் என்னும் தீவின் பழைய மடாலய இடிபாட்டிலிருந்து பதின்மூன்று மண்டையோடுகளை ஊரவர் அறியாமல் இரவில் எடுத்துச் சென்றார். அவை கன்னிங்காமின் கல்லூரியிற் போய்ச் சேர்ந்தன. அதே காலத்தில், 1883 முதல் 1886 வரை, சரசின் என்னும் சுவிற்சர்லாந்து உறவினர் இருவர் நம் இலங்கையில் வேடர் என்புகளைத் தேடித் திரட்டித் தம் பாசல் நகருக்குக் கொண்டு சென்றனர். வாகரைப் பக்கத்துக் கரையோர வேடர் நமக்கு அயலவர். நம்மோடு தமிழ் பேசுவோர். அளக்கப்பட்ட எலும்புக்கு உற்றார் இருப்பர் என்பதை அளந்தவர் பலர் கருதவில்லை. இனிஷ்போபின் மக்கள் விடாது கேட்டனர். 2023ஆம் ஆண்டு ஆடி மாதம் அம்மண்டையோடுகள் தீவுக்குத் திரும்பின. ஊரார் கூடி அவற்றை எடுத்த இடத்தருகே அடக்கம் செய்தனர்.