பிராய்டுடன் மாறுபட்ட வங்க அறிஞர்

உளவியல் என்றவுடன் நம் நாவில் வருவன மேனாட்டார் பெயர்களே. விக்கிரவாண்டியிலும் திண்டிவனத்திலும் பேருந்தேறிக் கல்லூரிக்கு வரும் நம்மில் யாரைக் கேட்டாலும் பிராய்டு என்போம். கிரீந்திரசேகர் போஸ் என்போர் மிகச் சிலரே.

இவர் 1887ஆம் ஆண்டு சனவரி 30ஆம் நாள் பிறந்தார். தந்தையார் தர்பங்கா சமஸ்தானத்தில் அலுவல் பார்த்தவர். வங்க நகைச்சுவை எழுத்தாளர் ராஜசேகர் போஸ் இவர்தம் தமையனார். கிரீந்திரசேகர் 1910இல் கல்கத்தாவில் மருத்துவப் பட்டம் பெற்றுத் தொழிலும் தொடங்கினார். அதன் பின்னரும் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் புதிதாகத் தோன்றிய உளவியல் துறையில் மாணவராகச் சேர்ந்தார்! 1917இல் முதுகலைப் பட்டம் பெற்று அங்கேயே ஆசிரியருமானார். தேர்வு முடிந்ததும் புத்தகத்தைக் கட்டிவைக்கும் நமக்கு இது சற்று உறைக்கத்தான் செய்யும்.

உள்ளத்து ஆசைகள் அடக்கப்படுதல் பற்றி ஆராய்ந்து 1921இல் டாக்டர் பட்டம் பெற்றார். அந்நூலைப் பிராய்டுக்கு அனுப்ப, இருவரிடையே கடிதப் போக்குவரத்து தொடங்கி 1937 வரை நீடித்தது. ஆனால் இருவரும் ஒருமுறைகூட நேரில் சந்தித்ததில்லை. 1922இல் தம் இல்லத்திலேயே இந்திய உளப்பகுப்பாய்வுக் கழகத்தை நிறுவினார்.

இவர் கொள்கை யாது? ஆசைக்கும் அதனை அடக்கும் சக்திக்கும் இடையே நிகழ்வதே போராட்டம் என்றார் பிராய்டு. போஸோ, ஒவ்வோர் ஆசையின் அடியிலும் அதற்கு எதிரான ஆசை ஒன்று ஒளிந்திருக்கிறது என்றார். ஒருவனை அடிக்க விரும்பும் உள்ளத்திலேயே அடிபடும் ஆசையும் உறங்குகிறதாம். கேட்கும்போது விந்தையாகத் தோன்றும். ஆயினும் பிறன் நிலையில் நம்மை வைத்து அவன் மனத்தை நாம் உணர்வது இதனால்தான் என்று அவர் விளக்கும்போது, நான், பிறன் என்ற கோடு அவ்வளவு அழுத்தமானதன்று என்பது புலனாகிறது.

1929இல் தம் கட்டுரைகளை வியன்னாவுக்கு அனுப்பினார். தந்தையிடம் மகன் கொள்ளும் அச்சத்தைப் பிராய்டு பெரிதாகக் கருதினார். தம்மிடம் வந்த இந்திய நோயாளிகளிடம் அது அத்துணை மேலோங்கவில்லை என்றும், பெண்ணாகும் ஆசையே அவர்களிடம் தெளிவாகக் காணப்பட்டது என்றும் போஸ் எழுதினார். உலகம் போற்றிய ஆசானிடமே, தாம் கண்டது வேறு என்று கூறிய துணிவு அது. பிராய்டு அதனை ஏற்கவில்லை, நட்பும் முறியவில்லை. 1931இல் பிராய்டின் எழுபத்தைந்தாம் பிறந்தநாளுக்குக் கல்கத்தாவிலிருந்து தந்தத்தாலான விஷ்ணு சிலை ஒன்று சென்றது. அதனைத் தம் மேசைமேல் வைத்துக்கொண்டார் பிராய்டு.

1940இல் மூன்றே படுக்கைகளுடன் லும்பினி பார்க் மனநல மருத்துவமனை தொடங்கிற்று. தமையனார் தந்த இடம் அது. 1949இல் பல்கலைக்கழகப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற கிரீந்திரசேகர், 1953 சூன் 3ஆம் நாள் மறைந்தார். அந்த விஷ்ணு சிலை இன்று இலண்டனில் பிராய்டு அருங்காட்சியகத்தில் உள்ளது.