திருகோணமலை வானமும் நமுனுகுலவின் இரவும்

வானியல் ஆய்வு என்றதும் பெரிய நாடுகளின் பெரிய தொலைநோக்கிகளே எமது நினைவுக்கு வருகின்றன. ஆயினும், வியாழன் கோளைப் பற்றிய முக்கியமானதொரு கண்டுபிடிப்பு எமது திருகோணமலையிலிருந்து நிகழ்ந்தது என்பதை எம்மில் பலர் அறியமாட்டார்கள். அதனை நிகழ்த்தியவர் வானியலைத் தொழிலாகக் கொண்டவர் அல்லர். ஓய்வு நேரங்களில் வானை நோக்கிய பேர்சி பிரேபுரூக் மோல்ஸ்வேர்த் என்ற பிரித்தானிய இராணுவப் பொறியியலாளரே அவர். இரவு வானம் சிறிது சிறிதாக எமது கண்களை விட்டு அகன்றுகொண்டிருக்கும் இக்காலத்தில் அவரது வாழ்க்கையை நினைவுகூர்வது பொருத்தமாகும்.

மோல்ஸ்வேர்த் 1867 ஆம் ஆண்டு கொழும்பில் பிறந்தார். அவரது தந்தையாரான கில்போர்ட் மோல்ஸ்வேர்த், இலங்கையின் முதலாவது புகையிரதப் பாதை அமைக்கப்பட்ட காலத்தில் அப்பணியில் முன்னின்ற பொறியியலாளர்களில் ஒருவர். அப்பாதை கண்டியை எட்டியதும், ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலைச் செய்கையைத் தொடக்கியதும் அதே 1867 ஆம் ஆண்டிலேயே. அப்பாதை படிப்படியாக மலையேறி 1894 இல் பண்டாரவளையையும் 1924 இல் பதுளையையும் அடைந்தது. நமுனுகுல மலையடிவாரத்துத் தோட்டங்களின் தேயிலை துறைமுகத்தை நோக்கிச் சென்றது இப்பாதையால்தான். தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளரின் வியர்வை, பாதையிலும் தோட்டத்திலும் கலந்திருந்தது. மகன் வானத்தில் தேடியவை வேறாயினும், அவரது குடும்பத்தின் கதை எமது மலையக மக்களின் கதைக்கு அந்நியமானதன்று.

இங்கிலாந்தில் கல்வி கற்று பொறியியலாளர் படைப்பிரிவின் அதிகாரியான மோல்ஸ்வேர்த், பின்னர் திருகோணமலையில் பணியமர்த்தப்பட்டார். அங்கே 12.5 அங்குல விட்டமுடைய ஆடியைக் கொண்ட தொலைநோக்கியொன்றை நிறுவினார். பகலில் படைப்பணி, இரவில் வான் நோக்கல் என அவரது வாழ்க்கை அமைந்தது.

அவருக்கு இருந்த மிகப் பெரிய வாய்ப்பு, அவர் வாழ்ந்த இடமே. 1900, 1901 ஆம் ஆண்டுகளில் வியாழன் வானத்தின் தென்பகுதியில் இருந்தது. இங்கிலாந்திலிருந்து நோக்குவோருக்கு அது அடிவானத்தை ஒட்டி, காற்று மண்டலத்தின் தடித்த படையினூடாகக் கலங்கித் தெரிந்தது. திருகோணமலையிலோ அது உச்சியை நோக்கி உயர்ந்து தெளிவாக ஒளிர்ந்தது. அந்த வாய்ப்பை அவர் வீணாக்கவில்லை. வியாழன் 10 மணி நேரத்திற்கும் குறைவான காலத்தில் தன்னைத் தானே ஒருமுறை சுற்றிவிடுகின்றது. அதன் முகத்திலுள்ள புள்ளிகளும் கறைகளும் வட்டத்தின் நடுக்கோட்டைக் கடக்கும் நேரத்தை மணிக்கூட்டைப் பார்த்துக் குறித்துவந்தால், அவை எவ்வேகத்தில் நகர்கின்றன என்பதைக் கணிக்கலாம். மோல்ஸ்வேர்த் இவ்வாறு ஆயிரக்கணக்கான நேரங்களைக் குறித்தார்.

அந்தப் பொறுமைக்குக் கிடைத்த பரிசுதான் 1901 பெப்ரவரி 28 ஆம் திகதிய கண்டுபிடிப்பு. வியாழனின் பெருஞ் செம்புள்ளி இருக்கும் வலயத்தில் புதிய கருநிறத் தோற்றமொன்று உருவாகியிருப்பதை அவர் கண்டார். அது செம்புள்ளியை விட வேகமாக நகர்ந்து, மீண்டும் மீண்டும் அதனை எட்டிப் பிடித்துத் தாண்டிச் சென்றது. 1930 களின் இறுதிவரை உலகின் வானியலாளர்கள் அதனைத் தொடர்ந்து அவதானித்தனர். செவ்வாய்க் கோளையும் அவர் நுணுக்கமாக வரைந்தார்.

1906 இல் இராணுவ சேவையிலிருந்து ஓய்வு பெற்ற அவர், தாயகம் திரும்பாது திருகோணமலையிலேயே தங்கினார். முழு நேரமும் வானுக்கென வாழும் அந்த வாய்ப்பு நீடிக்கவில்லை. 1908 டிசம்பர் 25 ஆம் திகதி, தமது 41 ஆவது வயதில் அங்கேயே காலமானார். 1910 இல் வந்த ஹலியின் வால்வெள்ளியைக் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. செவ்வாய்க் கோளிலுள்ள பெருங்குழியொன்று இன்று அவரது பெயரைத் தாங்கி நிற்கின்றது.

வியாழனை இன்றும் நகர வெளிச்சத்தின் நடுவே காணலாம். அது அத்துணை பிரகாசமானது. நாம் இழந்துவருபவை மங்கலான விண்மீன்களும் பால்வீதியும் வால்வெள்ளிகளுமாகும். 2016 இல் வெளியான ஆய்வொன்றின்படி, உலக மக்களில் 80 சதவீதத்திற்கும் அதிகமானோர் செயற்கை ஒளியால் மாசுற்ற வானின் கீழ் வாழ்கின்றனர்; மூன்றில் ஒரு பங்கினரால் பால்வீதியைக் காணவே முடிவதில்லை. உலகெங்குமுள்ள ஆர்வலர்களின் அவதானங்களைத் தொகுத்து 2023 இல் வெளியிடப்பட்ட மற்றோர் ஆய்வு, இரவு வானின் வெளிச்சம் ஆண்டுக்கு ஏறத்தாழ 10 சதவீதம் வீதம் பெருகிவந்துள்ளதெனக் கணித்துள்ளது.

இந்த வானம் எமது இரு சமூகங்களுக்கும் பொதுவான முதுசொம். தமிழர் திருவாதிரை என்றும் ரோகிணி என்றும் அழைக்கும் விண்மீன்களை உலகம் இன்று பெற்றல்ஜூஸ், அல்டெபரான் என்ற அரபு வழிப் பெயர்களால் அழைக்கின்றது. அந்திரமேதா விண்மீன் தொகுதியிலுள்ள சிறு மேகம் போன்ற ஒளியை 10 ஆம் நூற்றாண்டிலேயே குறித்துவைத்தவர் அப்துர் ரஹ்மான் அஸ்ஸூபி என்ற முஸ்லிம் அறிஞர். கார்த்திகை விண்மீன்களை நோக்கியவர்களும் தலைப்பிறைக்காக மேற்கு வானில் கண் பதித்தவர்களும் ஒரே வானையே வாசித்தனர். வெறுங்கண்ணால் காண முடிந்த அவ்வானம் நகர வெளிச்சத்தில் கரையுமாயின், அப்பெயர்கள் ஏட்டில் மட்டுமே எஞ்சும்.

எனினும், இருளைப் போற்றுவோர் ஒன்றை மறந்துவிடலாகாது. மலையகத் தோட்ட மக்களுக்கு இருள் என்பது நீண்டகாலமாக மறுக்கப்பட்ட வசதியின் மறுபெயராகவே இருந்தது. மண்ணெண்ணெய் விளக்கில் படித்த தலைமுறைகள் இன்னும் எம்மிடையே உள்ளன. விடியுமுன் வீட்டை விட்டுப் புறப்படும் பெண்களுக்கும், பாம்பும் பன்றியும் நடமாடும் பாதைகளில் நடப்போருக்கும் வெளிச்சம் உரிமையாகும். அதனைக் குறைக்குமாறு எவரும் அவர்களிடம் கேட்க முடியாது. 2022 மார்ச் மாதத்தில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை நீடித்த மின்வெட்டுகளால் இருண்ட வானமும் எவரும் விரும்பத்தக்கதன்று. அது துன்பத்தின் இருள்.

கேள்வி வெளிச்சம் வேண்டுமா வேண்டாமா என்பதன்று. அது எங்கே விழ வேண்டும் என்பதே. மூடியில்லாத வீதி விளக்கு தனது ஒளியின் ஒரு பகுதியை வானுக்கு வீணாக அனுப்புகின்றது. மலைப் பனிமூட்டம் அதனைச் சிதறடித்து வானையே வெளிறச் செய்கின்றது. நீலச் சாயல் மிகுந்த வெள்ளை எல்.ஈ.டி. விளக்குகளின் ஒளி மேலும் அதிகமாகச் சிதறுகின்றது. கீழ்நோக்கி மட்டும் ஒளி விழுமாறு மூடியிட்ட, இளமஞ்சள் நிற விளக்குகள் பாதைக்குப் பயனான வெளிச்சத்தைக் குறைக்காமலே மின்சாரத்தை மிச்சப்படுத்தும். பிரான்ஸ் 2018 இல் இதற்கென விதிகளை வகுத்தது. இந்தியா லடாக்கிலுள்ள ஹன்லே பகுதியை இருண்ட வானுக்கான காப்பகமாக்கியுள்ளது.

பதுளை மாவட்டத்தின் பிரதேச சபைகளும் தோட்ட நிர்வாகங்களும் வீதி விளக்குகளைப் புதுப்பிக்கும்போது இதனைக் கவனத்திற் கொள்ள வேண்டும். இதுவரை விளக்கேயில்லாத லயத்துப் பாதைகளுக்கு முதலில் விளக்கு வரட்டும். அது மூடியிட்ட விளக்காக வரட்டும். விளம்பரப் பலகைகளை நள்ளிரவுக்குப் பின் அணைப்பதால் எவருக்கும் நட்டமில்லை. ஒன்பது சிகரங்கள் என்று பொருள்படும் நமுனுகுலவின் சாரல்களிலுள்ள பாடசாலைகள், மழையில்லாத மாதங்களில் வான் நோக்கும் இரவுகளை நடத்தலாம். அதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை.

ஹலியின் வால்வெள்ளி 2061 இல் மீண்டும் வரவிருக்கின்றது. இன்று தோட்டப் பாடசாலைகளில் அரிவரி படிக்கும் பிள்ளைகள் அன்று நடுவயதினராக இருப்பர். மோல்ஸ்வேர்த்துக்குக் கிட்டாத அக்காட்சி அவர்களுக்காவது தெளிவாகக் கிட்ட வேண்டுமாயின், அதற்கான விளக்குகளை இன்றே சரியாகப் பொருத்தத் தொடங்குவது எமது கடமையாகும்.