செம்பையின் குரல்

செம்பை வைத்தியநாத பாகவதர் 1896ஆம் ஆண்டு பிறந்தார். தந்தை அனந்த பாகவதரே அவருக்குக் குரு. மூன்று வயதில் பாடம் தொடங்கியது. சிறுவனாக இருக்கும்போதே மேடை ஏறினார்.

அக்காலக் கச்சேரிகளில் ஒலிபெருக்கி கிடையாது. கடைசி வரிசையில் இருப்பவருக்கும் கேட்கும்படி பாட வேண்டும். அதற்காகக் கத்தினால் தொண்டை கட்டிவிடும். குரலைக் கத்தாமலே ஓங்கச் செய்யப் பாடகர்கள் விடியுமுன் எழுந்து அகாரப் பயிற்சி செய்தார்கள். சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகம் போன்ற இடங்களில் கர்நாடக இசை பயிலும் மாணவர்கள் இதனை அறிந்திருக்கலாம். ‘ஸரிகம’ என்று சொல்லாமல், வாயை நன்றாகத் திறந்து, ‘ஆ’ என்ற ஒலியாலேயே சுரங்களைப் பாடுவது அது. முதலில் தாழ்ந்த சுரங்களை மெதுவாக நீட்டிப் பாடுவார்கள். குரல் இளகிய பிறகே மேலே செல்வார்கள். இப்படி வளர்ந்த செம்பையின் குரல் வெண்கல மணிபோல் ஒலித்தது.

அந்தக் குரல் ஒருநாள் நின்றுபோனது.

தொண்டையில் குரல்நாண்கள் என்னும் இரண்டு மடிப்புகள் உள்ளன. மூச்சுக் காற்று அவற்றை அதிரச் செய்வதால் ஒலி பிறக்கிறது. ஓர் ஆண் பேசும்போதே அவை வினாடிக்கு ஏறத்தாழ 100 முறை அதிர்கின்றன. ஓய்வின்றி உழைத்தால் அவை வீங்கிக் குரல் கம்முவது உண்டு. செம்பைக்கோ பாடவே முடியாமல் போயிற்று. பாட்டைத் தவிர வேறு தொழில் அறியாத அவர் கலங்கிப்போனார். குருவாயூரப்பனிடம் குரலைத் திரும்பக் கேட்டார். வைத்தியமடம் நம்பூதிரியிடம் ஆயுர்வேதச் சிகிச்சையும் பெற்றார். வேண்டுதலோடு நிறுத்தாமல் மருந்தையும் நாடியது நல்லதாயிற்று. குரல் மீண்டது. அதன்பின் பாடிப் பெற்ற வருமானத்தைக் குருவாயூர்க் கோயிலுக்கு அளித்துவந்தார்.

1951இல் அவருக்குச் சங்கீத கலாநிதி விருது கிடைத்தது. மாணவர்களிடம் அவர் சமயம் பார்க்கவில்லை. கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த கே. ஜே. யேசுதாசும் அவரிடம் இசை பயின்றார்.

1974 அக்டோபர் 16 அன்று ஒற்றப்பாலத்தில் ஒரு கோயிலில் செம்பை பாடினார். அப்போது அவருக்கு வயது 78. கச்சேரி முடிந்த சிறிது நேரத்தில், சீடர் ஒருவருடன் பேசிக்கொண்டிருக்கும்போதே, அவர் உயிர் பிரிந்தது.