காலத்தைக் கையில் கட்டித் தந்தவர்

மழைக்காலம் வந்துவிட்டால் நம் சிவகாசி வட்டாரத்தில் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் ஈரமே பெரும் பகை. கைக்கடிகாரத்திற்கும் அதுவே பகை. துளி ஈரமோ தூசியோ உள்ளே புகுந்தால் ஓட்டம் நின்றுவிடும். அந்தப் பகையை வெல்லப் பாடுபட்டவர், 'ரோலக்ஸ்' கடிகார நிறுவனத்தைத் தோற்றுவித்த ஹான்ஸ் வில்ஸ்டார்ஃப் ஆவார்.

இவர் 1881-ஆம் ஆண்டு ஜெர்மனியிலுள்ள குல்ம்பாக் என்னும் ஊரில் பிறந்தார். பன்னிரண்டு வயதிலேயே தாய் தந்தை இருவரையும் இழந்தார். மாமன்மார் குடும்பக் கடையை விற்றுவிட்டு, பிள்ளைகளை விடுதிப் பள்ளியில் சேர்த்தனர். அங்கே கணிதத்தையும் மொழிகளையும் கருத்தூன்றிக் கற்றார். அந்த ஆங்கில அறிவே பின்னர் சுவிட்சர்லாந்தில் ஒரு கடிகார ஏற்றுமதிக் கம்பெனியில் எழுத்தர் வேலை பெற்றுத் தந்தது. நாள்தோறும் நூற்றுக்கணக்கான கடிகாரங்களுக்குச் சாவி கொடுத்து, அவை சரியான நேரம் காட்டுகின்றனவா என்று பார்ப்பதும் அவர் பொறுப்பு. அலுப்பூட்டும் அந்த வேலையே அவருக்குப் பாடசாலையாயிற்று.

1905-இல், தம் 24-ஆம் வயதில், இலண்டனில் ஆல்பிரட் டேவிஸ் என்பவருடன் கூட்டாகத் தொழில் தொடங்கினார். அந்நாளில் ஆண்கள் பைக்கடிகாரமே வைத்திருந்தனர். கைக்கடிகாரம் பெண்களின் அணிகலன், அதன் நேரத்தை நம்ப முடியாது என்று பலரும் எண்ணினர். வில்ஸ்டார்ஃப் வாதாடவில்லை, தம் கடிகாரத்தைச் சோதனைக்கு அனுப்பினார். 1914-இல் இங்கிலாந்தின் கியூ ஆய்வுக்கூடம் 45 நாள் சோதித்து, அதற்கு முதல்தரச் சான்று அளித்தது.

1919-இல் ஜெனீவாவுக்குக் குடிபெயர்ந்தார். 1926-இல், பாட்டில் மூடியைப் போல் திருகி இறுக்கும் கூட்டினுள் கடிகாரத்தை வைத்து, சிப்பி என்று பொருள்படும் 'ஆய்ஸ்டர்' என்ற பெயரைச் சூட்டினார்.

மறு ஆண்டு, மெர்சிடிஸ் கிளைட்ஸ் என்னும் இலண்டன் தட்டெழுத்துப் பெண் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தார். வேறொருத்தி பொய்யுரிமை கொண்டாடியதால், இவர்மீதும் ஐயம் எழுந்தது. அதைப் போக்க அதே மாதம் மீண்டும் கடலில் இறங்கினார். கழுத்தில் வில்ஸ்டார்ஃபின் கடிகாரம்! பத்து மணி நேரத்திற்கு மேல் நீந்தியபின், கடுங்குளிரால் கரை சேருமுன்னே படகில் ஏற்றப்பட்டார். ஆயினும் அவர் மன உறுதியைக் கண்டோர் ஐயம் நீங்கினர். கடிகாரமும் நிற்கவில்லை.

1944-இல் வில்ஸ்டார்ஃபின் மனைவி மறைந்தார். மக்கட்பேறு இல்லாத அவர், தம் பெயரில் அறக்கட்டளை நிறுவி, கம்பெனியை அதற்கே உரிமையாக்கினார். 1960-இல் அவர் காலமானார். இன்றும் அந்த அறக்கட்டளையே ரோலக்ஸின் உரிமையாளர். ஜெனீவாவில் கல்விக்கும் எளியோர் நலனுக்கும் அது உதவி வருகிறது.

தோழியரே! பன்னிரண்டு வயதில் அநாதையான சிறுவன் ஈட்டிய செல்வம், இன்று பிறர் பிள்ளைகளின் படிப்புக்குத் துணை நிற்கிறது. சோதனைக்கு அஞ்சாத உழைப்பும், பிறருக்கென வாழும் உள்ளமும் காலத்தை வெல்லும் அன்றோ!