பெயர் இல்லாத வித்துவான்

பாட்டுக்கு அடியில் “தும், தும்” என்று ஒலிக்கும் வாத்தியம் பாஸ் கிதார். தடித்த நான்கு தந்திகள் கொண்டது.

அதில் புகழ் பெற்றவர் ஜேம்ஸ் ஜேமர்சன். 1936-ல் அமெரிக்காவின் தென் கரோலினாவில் பிறந்தார். 1954-ல் டெட்ராய்ட் நகருக்கு வந்தார். பள்ளியில் ஆள் உயர டபுள் பாஸ் கற்றார்.

அந்தப் பழக்கத்தால், கிதாரையும் சுட்டுவிரல் ஒன்றாலேயே மீட்டினார். தந்திகளை உயர்த்திக் கட்டுவார். அறுந்தாலொழிய மாற்றமாட்டார். பழைய தந்தியில்தான் நாதம் கனமாக வரும் என்பது அவர் எண்ணம்.

‘மோடவுன்’ கம்பெனியின் பாட்டுகளுக்கு அவர் வாசித்தார். இசைத்தட்டுகள் ஏராளமாக விற்றன. உறையில் பாடகர் பெயர் இருந்தது. அவர் பெயர் இல்லை!

1971-ல் மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ இசைத்தட்டில்தான் அவர் பெயர் அச்சேறியது.

1983-ல், 47-வது வயதில் காலமானார். 2000-ல் ‘ராக் அண்டு ரோல்’ புகழ் மண்டபத்தில் அவர் பெயர் இடம் பெற்றது.