ஒளியென வாழ்ந்த நூருன்னிஸா

நூர் என்னும் அரபுச் சொல்லுக்கு ஒளி என்பது பொருள். நாஜிப் படையின் பிடியில் பிரான்சு இருண்டு கிடந்த காலத்தில், தம் பெயருக்கேற்ப வாழ்ந்து மறைந்த வீரமங்கை நூருன்னிஸா இனாயத் கான் ஆவார்.

நூர் 1914ஆம் ஆண்டு மாஸ்கோ நகரில் பிறந்தார். தந்தையார் ஹஸ்ரத் இனாயத் கான், பரோடாவில் பிறந்த இசைவாணர். சூஃபி நெறியை மேலைநாடுகளில் பரப்பியவர். தாயார் அமெரிக்கப் பெண்மணி. தந்தை வழியில் நூர், மாவீரர் திப்பு சுல்தானின் மரபினர். திப்பு 1799 மே 4ஆம் நாள் சீரங்கப்பட்டினத்தில் வீழ்ந்தார். அதே ஆண்டில், நம் புதுக்கோட்டைச் சீமையில் அடைக்கலம் தேடிய கட்டபொம்மன், தொண்டைமானின் ஆட்களால் பிடிக்கப்பட்டு ஆங்கிலேயரிடம் ஒப்படைக்கப்பட்டார்; அக்டோபர் 16இல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். எதிர்த்து நிற்போரும் காட்டிக் கொடுப்போரும் ஒரே மண்ணில் தோன்றுவர் என்பதை நாம் நன்கறிவோம். பிரான்சு நாடும் இதற்கு விலக்கன்று.

பாரிசு அருகே சுரேன் என்னும் ஊரில் நூர் வளர்ந்தார். 1927இல் தந்தையார் மறைந்தபோது அவருக்கு வயது பதின்மூன்றே. தாயார் துயரில் மூழ்க, இளையோர் மூவரையும் பேணும் பொறுப்பை நூரே ஏற்றார். சோர்பான் பல்கலைக்கழகத்தில் குழந்தை உளவியல் கற்றார். புத்த ஜாதகக் கதைகளுள் இருபதைச் சிறுவர்க்கென எழுதி 1939இல் நூலாக வெளியிட்டார்.

1940 ஜூனில் பிரான்சு பணிந்தது. பெத்தேன் தலைமையிலான விஷி அரசு பகைவரோடு ஒத்துழைத்தது. குடும்பத்தோடு இங்கிலாந்துக்குச் சென்ற நூர், விமானப்படையின் மகளிர் பிரிவில் சேர்ந்து கம்பியில்லாத் தந்தி பயின்றார். அகிம்சை நெறியில் வளர்ந்த அவர், கொல்லும் பணியை நாடாது, தம் உயிருக்கே மிகுதியும் இடர் தரும் பணியைத் தேர்ந்தார். இந்திய விடுதலையில் தமக்குள்ள பற்றை ஆங்கில அதிகாரிகளிடமும் அவர் மறைக்கவில்லை என்பது ஈண்டு எண்ணத்தக்கது.

1943 ஜூன் 16ஆம் நாள் இரவு, சிறு விமானமொன்றில் பிரான்சுக்குச் சென்றார். ஆக்கிரமிக்கப்பட்ட பிரான்சுக்கு அனுப்பப்பட்ட முதல் பெண் தந்தியாளர் அவரே. பாரிசுக்கு அப்பாலிருந்த கிரிஞோன் வேளாண் கல்லூரி மறைமுகப் போராளிகளின் புகலிடமாக விளங்கியது. அங்கிருந்துதான் நூர் தம் முதற் செய்தியை அனுப்பினார். அங்குப் பூச்சியியல் கற்பித்த பேராசிரியர் பாலஷோவ்ஸ்கி அவ்வணியைச் சேர்ந்தவர். கல்லூரியில் பணியாற்றும் நம் உள்ளத்தை இச்செய்தி தொடாதிருக்குமோ?

சில நாள்களிலேயே அவ்வணி சிதைந்தது. பாலஷோவ்ஸ்கி உள்ளிட்ட பலர் கைதாயினர். திரும்பிவிடுமாறு இலண்டன் வற்புறுத்தியும் நூர் மறுத்தார். ஆறு வாரம் தாக்குப்பிடிப்பதே அரிது எனக் கருதப்பட்ட பணியில் ஏறத்தாழ நான்கு திங்கள் நின்றார். தந்திப் பெட்டியைச் சுமந்து வீடு வீடாக மாறினார். அவருக்குக் கதவைத் திறந்து இடமளித்தோரும் இருந்தனர். அகப்பட்டால் வதைமுகாம் என்பதை அவர்கள் அறிந்தேயிருந்தனர்.

அக்டோபரில் நூர் பாரிசில் காட்டிக் கொடுக்கப்பட்டார். அனுப்பிய செய்திகளின் படிகளை அவர் ஏட்டில் எழுதி வைத்திருந்தார். அவ்வேடு பகைவர் கையில் சிக்கியதால், அவர் பெயரிலேயே பொய்ச் செய்தி அனுப்பி மேலும் பலரைப் பிடித்தனர். இதனை மறைப்பது வரலாற்றுக்கு அழகன்று. ஆயினும், விசாரணையில் நூர் தோழர் எவரையும் காட்டிக் கொடுக்கவில்லை. இருமுறை தப்ப முயன்றார். இனித் தப்புவதில்லை என்று உறுதியளிக்க மறுத்தார். ஆகவே செருமனியின் ஃபோர்ட்ஸ்ஹைம் சிறையில் விலங்கிட்டுப் பல திங்கள் தனிமையில் அடைத்தனர். 1944 செப்டம்பர் 13ஆம் நாள் தாஹாவ் முகாமில் வேறு மூன்று பெண்களோடு சுட்டுக் கொன்றனர். அப்போது அவருக்கு அகவை முப்பது.

பிரான்சு 1946இல் போர்ச் சிலுவையும், பிரிட்டன் 1949இல் ஜார்ஜ் சிலுவையும் அவருக்கு அளித்தன. 2012இல் இலண்டனில் அவர் சிலை திறக்கப்பட்டது. அவருக்குக் கதவு திறந்தோர் பலருக்குச் சிலையில்லை. நூரைப் போற்றும்போது அவர்களையும் சேர்த்தே போற்றுவது நம் கடன். அடக்குமுறை நாளில் அஞ்சி வந்தவர்க்கு ஒரு கதவைத் திறப்பதும் வீரமே என்பதை நம் மாணவச் செல்வங்கள் உள்ளத்தில் இருத்துவார்களாக.